பெரியப்பா விழுங்கியது

இல்லை, தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். படங்களைப் பார்த்துவிட்டு எந்த இடம், எந்தக் கடை, எந்தப் படகு என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மற்றப் பயணங்களுக்கு வழி, விலை, சுத்தமான கழிப்பறை எங்கே என்பது வரை எழுதியிருக்கிறேன். இதற்கு முடியாது. காரணம் ஒரு மீனின் வயிற்றில் இருக்கிறது. முழுக்கச் சொன்னால் புரியும்.

மூன்று பேர் போனோம். நான், என் அக்கா செல்வி, அக்காவின் கணவர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர்கள் கோலசிலாங்கூர் பக்கம், புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கிறார்கள். மாமா பாமாயில் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அக்கா ஆற்றோர மீன் சந்தையில் மீன் வெட்டுகிறாள். அவள் தங்கை எனக்கு ராவாங்கில் அலுவலக வேலை, புக்கிட் பெருந்துங்கில் வாடகை அறை.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் மாமாவின் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அறுவைக் கூடத்துக்கு வெளியே நாற்காலிகள். அக்கா சாப்பிடவில்லை, பேசவில்லை. அவள் கண்ணுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று என் போனில் ஒரு வீடியோ காட்டினேன். ஒரு பெரிய மீன். முக்குளிப்பவர் கையில் தாடையை வைத்துக்கொண்டு நாய் மாதிரி நிற்கிறது. அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"நான் பாத்த மீனெல்லாம் ஐசுலதான் படுத்திருக்கும். ஒண்ணுகூட என்னத் திரும்பிப் பாத்தது இல்ல" என்றாள். பிறகு, மாமா எழுந்து நடந்தால் இதைப் போய்ப் பார்ப்போம் என்றாள். நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

மாமா எழுந்து நடந்தார். ஜூலையில் கிளம்பினோம்.

முதலில் ஒரு தகவல். அக்காவுக்கு நீந்தத் தெரியாது. நீந்தத் தெரியாதவர்களும் வழிகாட்டியின் பிடியில் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிப் பார்க்கலாம். இதற்கு அறிமுக முக்குளிப்பு என்று பெயர், உபகரணங்களோடு இருநூறு மலேசிய வெள்ளி ஆனது. முன்கூட்டியே நீச்சல் குளத்தில் ஒரு பயிற்சி எடுப்பது நல்லது. ராவாங்கில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்தில் பயந்தது நான்தான். அவள் தரையில் மண்டியிட்டு, குமிழி விட்டுக்கொண்டு, சந்தையில் உட்கார்வது போலவே உட்கார்ந்திருந்தாள். மாமா கரையில் காத்திருந்தார். நெஞ்சு அறுவை செய்தவர்கள் முக்குளிக்க மருத்துவரின் அனுமதி வேண்டும். மாமா கேட்கக்கூட இல்லை. "நான் படகுலயே இருந்துக்கிறேன். யாராச்சும் ஒருத்தர் காஞ்சு இருக்கணும்ல" என்றார்.

முதல் நாளே இருவரும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, அம்பாங் பெச்சாவில் சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினோம். மலைப் பாதை குறுகலானது, வளைவுக்கு வளைவு பனி. அதற்கு மேல் வழி சொல்வதாக இல்லை. கிழக்கே எத்தனையோ தீவுகள் இருக்கின்றன. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறிவுரை மட்டும்: லோரி ஓட்டுகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மலைப்பாதையில் மைவி கார் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு வளைவிலும் மாமாவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.

மறுநாள் காலை படகு. வழிகாட்டியை ஹஃபிஸ் என்று எழுதுகிறேன், படகோட்டியைப் பாக் மாட் என்று. இரண்டும் அவர்கள் பெயர் இல்லை. மீனின் பெயரை மட்டும் அப்படியே சொல்லலாம். பழகிய பெரிய மீனுக்கு அந்தப் பெயர் வைக்காத முக்குளிப்புக் கடை இருக்காது. பாக் லோங். மலாயில் அப்பாவின் மூத்த அண்ணன்.

அக்காவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "பெரியப்பாவா? அப்ப நல்லா திட்டுவாரு" என்றாள்.

பெரியப்பா கெராப்பு வகை. தமிழில் களவா. அக்கா ஆயிரம் களவா வெட்டியிருப்பாள். இந்த அளவில் இல்லை.

படகிலேயே ஹஃபிஸ் விளக்கம் சொன்னான். பவளத்தில் கை வைக்கக்கூடாது. மேலே வரும்போது மெதுவாக. மீன் மனிதர்களோடு ரொம்பப் பழகியது, கிட்டே வரும், பயப்பட வேண்டாம். ஆனால் மினுக்குகிற எதையும் தீனி என்று நினைத்துவிடும். அதனால் பாராங் கெமாஸ் எல்லாவற்றையும் கழற்றவேண்டும்.

அக்காவின் மலாய் சந்தை மலாய். என் முகத்தைப் பார்த்தாள்.

"நகையெல்லாம் கழட்டணுமாம்க்கா."

கழற்றினாள். வளையல், தோடு, மூக்குத்தி, பவள மோதிரம். மெட்டியைக்கூட சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினாள். எல்லாவற்றையும் மாமா தன் மாத்திரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஹஃபிஸ் மறுபடி கேட்டான், எல்லாமா? அக்கா சொன்னாள், எல்லாம்.

யாரும் பொய் சொல்லவில்லை. தாலியை எங்கள் வீட்டில் ஒருவரும் நகை என்று சொன்னதில்லை. நகைக்கடையில் வாங்குகிறோம், பொன்னால் செய்தது, எடை போட்டுத்தான் தருகிறார்கள். இருந்தாலும் அந்தச் சொல் அதன்மேல் விழுவதில்லை. அவளிடம் கழற்றச் சொன்னது அந்தச் சொல். அவள் அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தாள். உப்புத் தண்ணீருக்கு நல்லதில்லை என்று தங்கச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு, தாலியைப் புது மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் அவள் முடிச்சைச் சரிபார்த்ததை நான் பார்த்தேன். கவனமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

இறங்கினோம்.

பவளம் சிவப்பாக இருக்கும் என்று அக்கா நினைத்திருந்தாள், மோதிரத்துக் கல் மாதிரி. பாதி வெள்ளை. சுண்ணாம்பு அடித்தது போல. சில இடங்களில் உடைந்து, எலும்பு கொட்டிக் கிடப்பது போல. யாரும் இதை விளம்பரப் படங்களில் காட்டுவதில்லை. மீதிப் பாதி உயிரோடு இருந்தது, ஊதா, பழுப்பு, பச்சை. சின்ன மீன்கள் மழை மாதிரி. ஹஃபிஸ் அக்காவின் காற்றுச் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்திருந்தான். நான் பக்கத்தில். ஒன்பது மீட்டர்.

பாறை என்று நினைத்தேன். பாறை திரும்பியது.

அதன் தலை மாமாவின் லோரி டயர் அளவு. உடம்பு என்னைவிட நீளம். அவசரமே இல்லாமல் வந்தது. கண் தனியாகச் சுழன்று முதலில் ஹஃபிஸைப் பார்த்தது, பிறகு என்னை, பிறகு அக்காவை. அக்காவிடம் நின்றது. கை நீளத்துக்கும் குறைவான இடைவெளி. அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் முழுக்கச் சிரிப்பு. பார்த்தாயா, பார்க்கிறது.

அவள் சட்டையின் கழுத்து ஜிப் இறங்கியிருந்தது. கயிறு வெளியே மிதந்தது. தண்ணீருக்குள் தாலி தொங்குவதில்லை, ஆடுகிறது. ஆழத்தில் சிவப்பு முதலில் போய்விடும், மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் போகாது. இதை நான் பயிற்சிப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அப்போது வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை, இதுதான் வந்தது. மஞ்சள் போகவில்லை.

வாய் திறந்ததை நான் பார்க்கவில்லை. திறந்து இருந்ததைத்தான் பார்த்தேன். அது கடிக்கவில்லை. தண்ணீரை இழுத்தது, தண்ணீரோடு கயிறும் போனது. டம் என்று ஒரு ஓசை, காதில் இல்லை, விலா எலும்பில்.

பிறகு நடந்ததை நான் இன்னும் நம்பவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையைப் பின்னால் இழுத்திருப்பார்கள். அக்கா கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை. அந்த மீனின் வாய்க்குள். சந்தையில் நாள் முழுக்கச் செய்கிற அதே வேகத்தில், தொண்டை எங்கே இருக்கும் என்று தெரிந்த கை. மீன் உதறியது. மணல் எழும்பி எல்லாம் மங்கிப்போனது. மங்கல் அடங்கியபோது மீன் இல்லை. அக்கா இருந்தாள். கையில் தேங்காய்த் துருவியில் தேய்த்தது போலக் கீறல்கள், அந்த ஆழத்தில் ரத்தம் பச்சையாகத் தெரிந்தது. மூடிய கைக்குள் ஒரு சாண் கயிறு. வெறும் கயிறு.

ஹஃபிஸ் அவளைத் திருப்பி, கட்டைவிரலை மேலே காட்டினான். மேலே போகலாம்.

முக்குளித்தவர்களுக்குத் தெரியும், நேராக மேலே வந்துவிட முடியாது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும். உடம்பிலிருந்து காற்று மெதுவாக வெளியேற. பாதுகாப்புக்கு. நின்றோம். பேச வழியில்லை. அழ வழி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணாடிக்குள் அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்கிறது.

அக்கா தலையைத் தூக்கிப் படகின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்குள் மாமா இருந்தார். இருக்கிறாரா என்று பார்த்தாள். ஒரு கை கழுத்துக்குப் போகும், திரும்பும், மறுபடி போகும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த மூன்று நிமிடமும் நானும் படகைத்தான் பார்த்தேன்.

மேலே வந்தோம். மாமா படகு விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அதுபோல நிம்மதியான காட்சியை நான் பார்த்ததில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர் அக்காவின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். அக்கா கையைத் திறந்து கயிற்றைக் காட்டினாள். மீதியை ஹஃபிஸ் மலாயில் சொன்னான். அவன் உதடு வெளுத்திருந்தது. மீன்களுக்கு அவித்த முட்டை கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள், அது சட்டப்படி கூடாது, இது முதலாளிக்கும் தெரியும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வந்தது. அதனால்தான் அது அவ்வளவு நட்பாக இருந்தது.

பாக் மாட் இயந்திரத்தை விட்டு எழுந்தார். அவர் எங்கள் பக்கம் வந்து, தாழ்ந்த குரலில், அது வெறும் தங்கம் இல்லை என்று தனக்குத் தெரியும் என்றார். சாயங்காலம் கடல் பூங்கா அதிகாரிகளின் படகு போன பிறகு வரலாம். முட்டை இருக்கிறது, பெரிய தூண்டில் இருக்கிறது. காசு வேண்டாம். என் மனைவிக்கு இப்படி நடந்திருந்தால் நான் செய்வேன் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம்.

நான் மொழிபெயர்த்தேன். பாதியிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"வயித்துலதான் கெடக்கும். தூக்கிப் போட்டா போதும், நான் எடுத்துருவேன். ஒரு கத்தி மட்டும் குடுக்கச் சொல்லு."

சொன்ன விதம். சந்தையில் அடுத்த ஆளைக் கூப்பிடுவது போல. சற்று முன் அந்த மீனைப் பார்த்துச் சிரித்தவள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

மாமா கேட்டார், "அது பேரு என்னா சொன்னாங்க?"

"பாக் லோங்" என்றேன்.

"பெரியப்பா வயித்தயா கிழிக்கப் போற, செல்வி?"

அக்கா கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். மாமா விடவில்லை.

"இந்த வருஷம் நம்ம வீட்டுல ஒருத்தரக் கிழிச்சது போதும் லா."

அக்காவுக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு எல்லாம் விளையாட்டு, யாருக்காகக் கட்டிக்கொண்டிருந்தேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டாள். மாமா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தானுக்குக் கீழே தையல் வடு இருக்கிறது. "நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். படகு ஆடியது. பாக் மாட் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சம்மதித்தால் சாயங்காலம் அந்த மீன் இல்லை. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அக்கா விரலில் சுற்றிய கயிற்றைப் பார்த்துச் சொன்னாள். யாரையும் பார்த்து இல்லை.

"அது என்னப் பாத்துச்சுங்க. திரும்பிப் பாத்தத எப்பிடிங்க வெட்டுறது?"

நான் பாக் மாட்டிடம் வேண்டாம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு இயந்திரத்தைக் கிளப்பினார்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். படகுத்துறை வந்தது. அக்கா இறங்க மறுத்தாள். வெறும் கழுத்தோடு கரையில் கால் வைக்க மாட்டாளாம். கையில் மருந்து போடவேண்டும் என்றேன். படகிலேயே போடு என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த முக்குளிப்புக்கு ஆட்கள் வரிசையில் நின்று எங்களைப் பார்த்தார்கள். மஞ்சள் வேண்டும், ஒரு துண்டு மஞ்சள், ஒரு கயிறு, அவ்வளவுதான் என்றாள் அக்கா. நடுக்கடல் தீவில் பூஜைக் கடைக்கு எங்கே போவேன்.

தங்கும் விடுதியின் சமையலறைக்கு ஓடினேன். சமைக்கிற அம்மாளை எல்லோரும் மாக்சிக் என்பார்கள், மலாயில் அத்தை மாதிரி. குன்யிட் இருக்கிறதா என்று மூச்சு வாங்கக் கேட்டேன். மஞ்சள்தான். அவர் என் ஈர உடையை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தனை கிலோ மீனுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிற்கவில்லை, பிறகு அது சிரிப்பாக இல்லை. அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பிரம்புக் கூடையிலிருந்து பச்சை மஞ்சள் கிழங்குகளைக் கொட்டி, நேரானதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கோழி கட்டுகிற வெள்ளை நூலை மூன்றாக முறுக்கி, இன்னொரு கிழங்கை உடைத்து அதன்மேல் தேய்த்தார். நூல் மஞ்சளானது. அவர் விரலும். அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு வந்தார்.

மாமா படகில் நின்றுகொண்டு கட்டினார். படகு ஆடியதால் அக்கா அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் முடிச்சு போட்டதும் அக்கா அவர் கையைத் தடுத்தாள். மற்ற இரண்டும் நாத்தனார் போடவேண்டும். மாமாவுக்கு அக்கா ஒருத்தி உண்டு, அவர் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறார். நான் பெண்ணின் தங்கை, செல்லாது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

மாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. மாமா கை பாதியில் நிற்பதை மட்டும் பார்த்தார். ஏன் நிறுத்திவிட்டாய், கட்டு, வெயிலாக இருக்கிறது என்று அவரை அதட்டினார். மலாயில். அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் அடிக். தம்பி.

அக்கா நிமிர்ந்தாள். "தம்பின்னாங்கல்ல?"

"தம்பின்னுதான் சொன்னாங்க" என்றேன்.

"அப்ப நாத்தனார்தான். போடச் சொல்லு."

மாக்சிக் இரண்டு முடிச்சுப் போட்டார். கோழிக்குப் போடுகிற முடிச்சு, அவிழாது என்றார். அக்கா கரையில் கால் வைத்தாள்.

அன்று சாயங்காலம்தான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி. செய்தி தீவு முழுக்கப் பரவியிருந்தது. ஐஸ் விற்கிற கடையில் ஒருவர் என்னிடம் கேட்டார், எத்தனை கிராம்? மறுநாள் படகுத்துறையில் இன்னொருவர் கேட்டார், இருபத்து நாலு காரட்டா? டிக்கெட் கொடுக்கிற பெண் பரிதாபப்பட்டுவிட்டு அதையேதான் கேட்டாள். யாரும் அக்காவின் கையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மீன் இனி அவர்களுக்கு மீன் இல்லை. அது யாரிடமும் பயப்படாது. முட்டையைக் காட்டினால் வரும். மினுக்கினால் வரும். நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும்.

தெரியவில்லை. இதை எழுதுவதேகூடத் தவறாக இருக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மீன்களுக்குத் தீனி போடுகிற கடையோடு போகாதீர்கள். கேட்டால் இல்லை என்பார்கள், படகில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முக்குளித்த நாளே மலையேற வேண்டாம், ஒரு இரவு தங்கிவிட்டுப் புறப்படுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். கடல் மயக்க மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, மாமாவைக் கேளுங்கள். நம் பெண்கள் யாருக்காவது நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்வதாக இருந்தால், நகை என்று நிறுத்தாதீர்கள். தாலியும் என்று தனியாகச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள். கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து மூடிய முழு உடையைக் கேட்டு வாங்குங்கள். ஜிப் முன்னால் இருக்கும் சட்டை வேண்டாம்.

அக்காவின் கை ஆறிவிட்டது. புதுத் தாலி இன்னும் செய்யவில்லை. மஞ்சள் கிழங்கு காய்ந்து சுருங்கிவிட்டது, அதோடுதான் சந்தைக்குப் போகிறாள். வெட்டுகிற மீனுக்கெல்லாம் இலவசமாக மஞ்சள் தடவித் தருகிறாயா என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டல் செய்கிறாராம். களவா வந்தால் மட்டும் அவரிடம் தள்ளிவிடுகிறாள். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஹஃபிஸ் போன வாரம் ஒரு செய்தி அனுப்பினான். பாக் லோங் அதே இடத்தில் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது. கூடவே ஒரு படம். அதன் உடம்பில் எளிதில் அடையாளம் தெரிகிற ஒன்று இருக்கிறது, படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் படத்தை அழித்தேன். பிறகு இந்தத் தளத்தில் முன்பு போட்டிருந்த அந்தத் தீவின் படங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். நீங்கள் பார்த்துவிட்டுக் கேட்டவையும் அதில் போய்விட்டன.